கருத்தடை ஆலோசனைக்கு முதல்முறை உட்காரும் நர்சிங் மாணவிகளுக்கு

பிரசவ வார்டிலும் குடும்ப நலப் பிரிவிலும் 20 வருடம் வேலை பார்த்தபின் இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். தற்காலிக முறை, நிரந்தர முறை என்று பிரித்து எல்லாரும் நன்றாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒரு பெண் எதிரே வந்து உட்கார்ந்ததும்தான் எங்கிருந்து தொடங்குவது என்று தடுமாறுகிறார்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் திரையை இழுத்து விடுங்கள். கூட வந்தவர்கள் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். கணவரும் இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னால் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம். "இன்னொரு குழந்தை வேண்டுமா? வேண்டுமென்றால் எப்போது?" என்று கேளுங்கள். குழந்தை பிறந்து குறைந்தது 24 மாதமாவது கழித்து அடுத்த கர்ப்பத்துக்கு முயல்வது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அடுத்து, இதற்கு முன் எதைப் பயன்படுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். அந்த "ஏன்" மிக முக்கியம். அதைக் கேட்காமல், அவர் வெறுத்து நிறுத்திய முறையையே மறுபடி கையில் கொடுத்து அனுப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய எல்லாருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை தேவைப்படாது. மாதவிடாய் தொடங்கி 7 நாளுக்குள் வந்திருக்கிறாரா, கடைசி மாதவிடாய்க்குப் பிறகு உறவே இல்லையா, குழந்தை பிறந்து 4 வாரம்கூட ஆகவில்லையா, நம்பகமான முறை ஒன்றைத் தவறாமல் பயன்படுத்தி வருகிறாரா என்று கேளுங்கள். இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால், கர்ப்பத்தின் அறிகுறி எதுவும் இல்லாதபோது, அநேகமாகக் கர்ப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தாய்ப்பாலையும் கருத்தடை முறையாகச் சொல்லலாம், ஆனால் மூன்று நிபந்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் அன்றே வேறு முறை தொடங்க வேண்டும்.

இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரைக்கு ரத்த அழுத்தம் பார்க்காமல் கை நீட்டாதீர்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறு முறையைத்தான் பார்க்க வேண்டும். கண்முன் மின்னல் கோடுகள் வந்து தொடங்கும் ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தம் உறைந்த வரலாறு, மார்பகப் புற்றுநோய், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், இவற்றில் எது இருந்தாலும் இந்த மாத்திரை கூடாது. பால் கொடுக்கும் தாய்க்குக் குழந்தை பிறந்து 6 வாரத்துக்குள் கண்டிப்பாகக் கூடாது. 6 மாதம் வரை தவிர்ப்பதே வழக்கம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறாரா, வலிப்புக்கு கார்பமாசெபின் அல்லது ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். அவை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

"தினமும் ஒன்று" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. ஒரு பெண் என்னிடம், "அவர் ஊரிலிருந்து வரும் நாளில் மட்டும் போட்டேன் சிஸ்டர்" என்றார். தப்பு அவர் மேல் இல்லை, அட்டையைக் கொடுத்தவர் விளக்கவில்லை. கணவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும், ஒரே நேரத்தில் என்று சொல்லுங்கள். ஒன்று அல்லது இரண்டு மாத்திரை விட்டுப்போனால் நினைவு வந்ததும் ஒன்று போட்டுவிட்டு வழக்கம்போல் தொடரலாம். மூன்று அல்லது அதற்கு மேல் விட்டால், அதோடு 7 நாள் ஆணுறையும் வேண்டும். அது மூன்றாவது வாரம் என்றால் அட்டையின் கடைசியில் இருக்கும் ஹார்மோன் இல்லாத மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போக வேண்டும்.

ஊசியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. நான் பயிற்சியில் இருந்தபோது மூன்று மாத ஊசி போட்டு அனுப்பினோம். மாதவிடாய் நின்றுபோகலாம் என்று யாரும், நானும்தான், அவரிடம் சொல்லவில்லை. கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பயந்து அடுத்த ஊசிக்கு வராமலே இருந்துவிட்டார். திரும்ப வந்தபோது கர்ப்பமாக இருந்தார். அதனால் சிரிஞ்சை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: முதலில் திட்டுத்திட்டாக ரத்தம் படலாம், போகப்போக நின்றுவிடலாம், உள்ளே எதுவும் தேங்காது, கர்ப்பப்பையின் உட்படலம் மெலிதாவதால்தான் அப்படி. 150 மில்லிகிராம், தசையில் ஆழமாகப் போடுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதம் தாமதமாகும் என்பதையும் மறைக்காதீர்கள். சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி வயிற்றுக்கு ஏறிவிடும், நெஞ்சுக்குப் போய்விடும் என்ற பயம் பலருக்கும் உண்டு. கர்ப்பப்பையின் படத்தைக் காட்டி, அது ஒரு மூடிய பைபோல என்று விளக்குங்கள். தாமிரம் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. ஹார்மோன் இல்லாததால் தாய்ப்பாலுக்குத் தொல்லை கிடையாது. 380ஏ வகை 10 வருடம் வேலை செய்யும். பிரசவம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் போடலாம், அது தவறினால் 4 வாரம் கழித்து. முதல் சில மாதம் ரத்தப்போக்கும் வலியும் கூடும் என்று முன்பே சொல்லுங்கள்.

ஆணுறைக்கு எண்ணெய், வாசலின் வேண்டாம், ரப்பர் கிழியும். இங்கே சொன்ன முறைகளில் பால்வினை நோயையும் எச்ஐவியையும் தடுப்பது இது ஒன்றுதான். ஆனால் வழக்கமான பயன்பாட்டில் ஓராண்டில் 100 பேரில் 13 பேர் கருத்தரிக்கிறார்கள். மாத்திரையில் இது 7, ஊசியில் 4, காப்பர் டியிலும் கைத்தோலுக்கு அடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியான இம்பிளாண்டிலும் ஒன்றுக்கும் கீழே.

ஆண்களுக்கான அறுவை சிகிச்சை பெண்களுடையதைவிடச் சிறியது, எளியது. ஆண்மை குறையாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் உடனே பலன் கிடைக்காது. 3 மாதம் வேறு முறை வேண்டும், அதன்பின் விந்துப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

அவசர மாத்திரை கேட்டு வருபவரிடம் ஏன், எதற்கு என்று விசாரணை நடத்தாதீர்கள். லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள். அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, உண்டான கருவைக் கலைக்காது. 5 நாளுக்குள் காப்பர் டி போட்டாலும் பலன் உண்டு.

எல்லாம் சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தடுமாறும் இடத்தில் மட்டும் திரும்பச் சொல்லுங்கள். அடுத்து வரவேண்டிய தேதியை அட்டையில் பெரிதாக எழுதி, பிடிக்காவிட்டால் அதற்கு முன்பே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.