பணிக்கொடை வராதபோது முறையிடும் வழி

ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்து விலகியவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்பது நிறுவனம் மனமிரங்கித் தரும் அன்பளிப்பு அன்று. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அதை உரிமையாக்கியது. முதலில் தொகையை நீங்களே கணக்கிடுங்கள்: கடைசியாகப் பெற்ற சம்பளத்தை (பெரும்பாலும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் பெற்று 12 ஆண்டுகள் முடித்தவருக்கு 1,80,000 ரூபாய் வரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக்காலம் முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால், பணியில் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் நிறுவனம் சரியாக எழுதியுள்ளதா என்று பாருங்கள்.

பிறகு, பதிவு வசதியுள்ள விரைவு அஞ்சலில், ஒப்படைத்ததற்கான சான்று கேட்டு விண்ணப்பம் அனுப்புங்கள். அந்தச் சான்றைத் தொலைத்துவிடாதீர்கள். விண்ணப்பம் கிடைக்கவில்லை என்று நிறுவனம் சொன்னால் அதுவே உங்கள் ஆதாரம். முப்பது நாட்களுக்குள் பணம் வராவிட்டால், தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் வட்டியும் சேர்த்துக் கேட்டு மனுச் செய்யலாம். பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை, அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது மிக அவசியம்.

2025 நவம்பர் 21 முதல் விலகியவர்கள், மனுவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பைக் குறிப்பிட வேண்டும். அதன்படி, குறித்த கால ஒப்பந்தப் பணியாளர் ஓராண்டு முடித்தாலே கேட்கலாம்.