ஒரே படிவம், மூன்று சட்டைகள்

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குப் பருத்தியைவிட நல்ல துணி இல்லை. மருதமுனைக் கைத்தறியில் மூத்தவளுக்குக் கவுன், இளையவளுக்கு மேற்சட்டை, மகனுக்கு முன்திறந்த கையில்லாச் சட்டை என மூன்றையும் ஒரே படிவத்திலிருந்து (வெட்டு மாதிரியிலிருந்து) வெட்டினேன். அளவு, நீளம், திறப்பு மட்டுமே வேறு.

தொல்லை கழுத்தில் வந்தது. முதலில் தைத்த கவுனின் கழுத்து அலையலையாக விரிந்து நின்றது. வளைவாக வெட்டிய விளிம்பு, துணியின் நூல்கள் ஓடும் திசைக்குச் சாய்வாகிவிடுகிறது. சாய்வில் துணி இழுபடும். நெசவு தளர்வான கைத்தறி இன்னும் அதிகமாக இழுபடும்.

அந்தக் கழுத்தைப் பிரித்தேன். விளிம்பில் நூலோட்டி மெல்லச் சுருக்கி, ஈரத்துணி விரித்து இஸ்திரி போட்டதும் படிந்தது. மற்ற இரண்டுக்கும் வெட்டிய உடனேயே, வேறெதையும் தைக்குமுன், விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே ஒற்றைத் தையல் போட்டேன். தோளிலிருந்து நடுக்கழுத்துவரை ஒன்று, மறுதோளிலிருந்து இன்னொன்று. முழுச்சுற்றையும் ஒரே ஓட்டமாகத் தைத்தால் துணி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். பிறகு 45 பாகைச் சாய்வில் வெட்டிய துணிப்பட்டியைக் கழுத்து விளிம்பில் லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தேன். கழுத்து அழகாக உடலோடு ஒட்டியது.

மூவருக்கும் முழுக்க ஒரே துணி வேண்டாம். கவுனுக்கு எடுத்த கோடு போட்ட துணியில் எஞ்சியது மற்றவர்களின் கழுத்துப்பட்டிக்கும் பைக்கும் போதும்; சோடி தானாகச் சேர்கிறது. துணியை நனைத்துக் காயவைத்த பின்பே வெட்டுங்கள், கைத்தறி சுருங்கும். கவுனின் கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டால் அடுத்த ஆண்டும் இறக்கிவிடலாம்.