சென்னைக் கோடையில் சிறுபிள்ளைகளோடு வெளியே போய் வரும் முறை

பள்ளி விடுமுறை விட்ட மூன்றாம் நாளே வீட்டுக்குள் சண்டை தொடங்கிவிடும். ஏழு வயது மகளையும் மூன்று வயது மகனையும் வைத்துக்கொண்டு சைதாப்பேட்டையில் ஒரு சிறிய வீட்டில் கோடையைக் கழிக்கும் எனக்குக் கைகண்ட வழி ஒன்றுதான். விடுமுறைக்கு ஒருமுறை பெரிய சுற்றுலா என்று பணத்தையும் உடம்பையும் கரைப்பதைவிட, நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் எங்கேனும் போய்த் திரும்பிவிடுவது நல்லது. அதற்கு, எங்கே போவது என்பதைவிட எப்போது படியிறங்குவது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். நேரம் முடிவானால் இடம் தானாக அமைந்துவிடும்.

நேரத்தைக் கணிக்கக் கடிகாரத்தைவிடப் பிள்ளையின் நிழல் நம்பத்தக்கது. நிழல் பிள்ளையின் உயரத்தைவிட நீளமாக இருக்கும்வரை வெளியே விளையாடலாம். உயரத்துக்குச் சமமாகிவிட்டால் வீடு திரும்பத் தொடங்க வேண்டும். அதைவிடக் குட்டையாகிவிட்டால் வெயிலில் நிற்கக் கூடாது. மே மாதத்தில் சென்னையில் காலை 9 மணி வாக்கிலேயே நிழல் ஆளின் உயரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால், நண்பகல் 12 மணி 7 நிமிட அளவில் செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழலே விழாது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் மொட்டை மாடிக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போய், ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். என் மகள் சென்ற ஆண்டு டம்ளரைச் சுற்றிச் சுற்றி வந்து நிழலைத் தேடியது, அந்த விடுமுறையில் காசில்லாமல் நடந்த வேடிக்கை.

மாலை நேரத்தை முடிவுசெய்வது கடற்காற்று. நிலம் விரைவில் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து வீசும் வெப்பக்காற்று வலுவாக இருக்கும் நாள்களில் இது தடைப்பட்டுத் தாமதமாகும். கத்திரியில் நாம் புழுங்கிச் சாகும் நாள்கள் பெரும்பாலும் அவைதாம். கடற்காற்று முதலில் கரையோரத்தைத் தொட்டுப் பிறகே உள்ளே வருவதால், செய்தியில் சொல்லப்படும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வெப்பநிலைகளில், கரையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் மீனம்பாக்கத்தின் அளவு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். நான் மதியம் 2 மணிக்குப் பால்கனியில் காயும் துணியைப் பார்ப்பேன். அது கிழக்கிலிருந்து மேற்காகப் பறந்தால் அன்று மாலை கடற்கரை. அசையாமல் தொங்கினால் தெருமுனைப் பூங்காவோடு சரி.

காலை வேளைக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மே மாதத்தில் 6 மணிக்கு முன்பே விடிந்துவிடுவதால், பாலைக் குடித்துவிட்டு 6.30 மணிக்குப் புறப்பட்டால் 8.30க்குள் திரும்பிவிடலாம். மாநகராட்சிப் பூங்காக்கள் காலையில் நடைப்பயிற்சிக்காகத் திறந்திருக்கும். தியாகராய நகரில் நடேசன் பூங்காவும், மயிலாப்பூர் லஸ் அருகே நாகேஸ்வர ராவ் பூங்காவும் பெரிய மரங்கள் உள்ளவை. காலை என்றாலும் சறுக்குமரத்தில் பிள்ளையை ஏற்றுமுன் உங்கள் புறங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகடு வெயிலில் காய்ந்திருந்தால், சுட்ட தோசைக்கல்லில் உட்கார்ந்ததுபோல் தொடை கன்றிவிடும். உங்கள் கை ஐந்து எண்ணும்வரை பொறுக்கவில்லை என்றால் பிள்ளைக்கும் அது ஆகாது.

நடுப்பகலில் வெளியே போகவே கூடாது என்பது பெரியவர்கள் சொல்லும் நல்ல விதி. ஆயினும் மின்சாரம் போன வீட்டில் பிள்ளைகளை அடைத்துவைப்பதும் கொடுமைதான். அத்தகைய நாள்களில் கூரையுள்ள இடமாகப் பார்த்து 10 மணிக்குள் உள்ளே நுழைந்து, 4 மணிக்குமேல் வெளியே வருவது மேல். எங்கள் முதல் தெரிவு, 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். முதல் தளத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. நடுவில் செயற்கை மரம் ஒன்று கிளை பரப்பி நிற்க, அதன் அடியில் பிள்ளைகள் உட்கார்ந்து படப்புத்தகம் பார்ப்பார்கள். படிப்பதற்கு மட்டும் என்றால் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. பையை வாசலில் ஒப்படைக்க வேண்டும், தின்பண்டங்களை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால், புறப்படுமுன் வயிறார ஊட்டிவிட வேண்டும். குளிரூட்டிய அறையில் சின்னவன் அரை மணியில் தூங்கிப்போவான். ஒரு பருத்தித் துண்டை மடித்துக் கையிலேயே வைத்திருந்தால் போர்த்தலாம்.

அதே சாலையில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், அதனுள் 1988இல் அமைந்த பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. கோளரங்கக் காட்சி பெரியவளுக்கு மிகவும் பிடிக்கும். இருட்டென்றால் அழும் பிள்ளைக்கு அது ஏற்றதன்று. ஒருவர் பெரிய பிள்ளையோடு உள்ளே போக, மற்றவர் சிறியதை வெளியே வைத்துக்கொள்வதுதான் வழி. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் நான்கு நிலையம் தாண்டி ஐந்தாவதாக எழும்பூர். அங்கே எல்லாக் கூடங்களையும் பார்த்துத் தீர்ப்பது என்று கங்கணம் கட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்குத் திமிங்கல எலும்புக்கூடு, இன்னொரு நாளைக்குத் திருவாலங்காட்டு நடராசர் உள்ள செப்புத் திருமேனிக் கூடம் என்று பிரித்துக்கொண்டால், பிள்ளைகள் பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்வார்கள்; தாய்க்கும் கால் கடுக்காது.

விடுமுறை நாளை விசாரித்துக்கொண்டு கிளம்புவது இன்றியமையாதது. நான் ஒருமுறை இரண்டு பிள்ளைகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போய், மூடிய கதவின் முன் நின்றேன், அன்று செவ்வாய்க்கிழமை. பக்கத்திலுள்ள பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய்தான் விடுமுறை. மானைக் காட்டுகிறேன் என்று சொல்லி அழைத்துவந்த பிள்ளைக்குப் பூட்டைக் காட்டியதன் விளைவாக, அன்று இரண்டு ஐஸ்கிரீம் வாங்க வேண்டியதாயிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்தான். ஆனால் 602 ஹெக்டேர் பரப்புள்ள அந்த இடத்துக்கு மே மாதத்தில் மூன்று வயதுப் பிள்ளையோடு போவதை நான் எந்தக் கிழமையிலும் பரிந்துரைக்க மாட்டேன். நிழலுக்குள் ஒதுங்கிக்கொண்ட விலங்குகளைத் தேடி நாம் வெயிலில் நடப்பதாகவே முடியும். மார்கழி, தை மாதங்களுக்கு அதை ஒதுக்கிவையுங்கள்.

கடற்கரைக்குப் போவதானால் 5 மணிக்குமுன் மணலில் கால் வைக்கக் கூடாது. மெரினாவில் சாலையிலிருந்து அலை வரையிலான மணல்வெளி மிக அகலம். போகும்போது ஓடும் பிள்ளை திரும்பும்போது தூக்கச் சொல்லும். ஆகையால் சிறுபிள்ளை உள்ளவர்களுக்குப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையே வசதி. இரண்டு இடத்திலும் கடலுக்கு அஞ்சத்தான் வேண்டும். கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடுவதாலும், திரும்பும் அலை காலடி மணலைப் பறித்துக்கொண்டு இழுப்பதாலும் மெரினாவில் குளிக்கவே தடை இருக்கிறது. கால் நனைப்பதற்கு எங்கள் வீட்டு ஒழுங்கு இதுதான்: நான் பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவில், கடலைப் பார்த்தபடி நிற்பேன், நீர் அவன் முழங்காலைத் தொட்டால் இரண்டடி பின்வாங்குவோம், ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளைதான். நான் தனியாக இரண்டு பேரையும் அழைத்துப் போகும் நாளில் அலைப்பக்கமே போவதில்லை, மணல்வீடு மட்டும்தான். அந்த நேரத்தில் கைப்பேசி பைக்குள் இருக்க வேண்டும்.

புறப்படுமுன் வாசலில் இருவரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்வேன். கூட்டத்தில் பிள்ளை கைநழுவினால், என்ன சட்டை போட்டிருந்தான் என்று பதற்றத்தில் வாயில் வராது. படத்தைக் காட்டினால் போதும். மணலில் எளிதில் கண்ணில் படுகிற அடர்மஞ்சளோ சிவப்போ உடுத்துவதும், தொலைபேசி எண் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்து ஊக்குக் குத்துவதும் இதைச் சேர்ந்தவையே. எதை வாங்குவது என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். ஒரு ராட்டினம், ஒரு பொட்டலம் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் என்று ஒப்பந்தம் ஆனபின், சோப்புக் குமிழி விற்பவர் எதிரே வந்து நின்று ஊதினாலும் தாய் அசையக் கூடாது. (நான் இரண்டு முறை அசைந்திருக்கிறேன்.)

உணவைப் பொறுத்தவரை தேங்காய்ச் சட்னியை வீட்டோடு விட்டுவிடுங்கள். வெயிலில் முதலில் கெடுவது அதுதான். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு ஆகியவை தாங்கும். தயிர்ச்சோறு வேண்டுமானால் சோற்றைக் குழைய மசித்து, ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துப் பிசைந்தால், திறக்கும் நேரத்துக்குள் உறைந்து புளிக்காமல் இருக்கும். தண்ணீர் இரண்டு போத்தலில் எடுத்துக்கொள்வேன்: ஒன்று குடிக்க, மற்றது கை கால் கழுவ. தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை காத்திராமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் குடிக்க வைக்க வேண்டும். வழியில் நுங்கு, இளநீர் கிடைத்தால் கண்ணெதிரே வெட்டித் தருவதை வாங்கலாம். முன்பே அரிந்து வைத்த தர்பூசணியும், கட்டி ஐஸ் உடைத்துப் போட்ட சாறும் வேண்டாம்.

போக்குவரத்துச் செலவு நினைத்ததைவிடக் குறைவு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கும் பயணச்சீட்டு வேண்டியதில்லை. காரில் போகிறவர்கள், கடையில் ஒரு நிமிட வேலை என்றாலும் பிள்ளையை உள்ளே விட்டுப் போகக் கூடாது. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். கைக்குழந்தையின் தள்ளுவண்டியைத் துணியால் முழுவதும் மூடினாலும் உள்ளே காற்றோட்டமின்றிப் புழுக்கம் கூடும். குடை பிடிப்பதே சரி. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு வெயில் காலத்திலும் தாய்ப்பால் போதும், தண்ணீர் தர வேண்டியதில்லை; அடிக்கடி பாலூட்டினால் சரி.

வெளியே போய் வந்த பிள்ளையின் சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ உடலில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றைக் கைப்பையில் எப்போதும் வைத்திருங்கள். ஒரு லிட்டருக்கு உரியதும் 200 மில்லிக்கு உரியதும் கிடைப்பதால் உறையைப் படித்தே கரைக்க வேண்டும், கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. பொட்டலம் இல்லாதபோது, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக்கொள்ளலாம். அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. உடம்பு அனலாகக் கொதித்து, பிள்ளை உளறினாலோ துவண்டு விழுந்தாலோ கரைசலோடு நேரத்தைப் போக்காமல் நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் ஒற்றி விசிறியபடியே 108ஐ அழையுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வீடு திரும்பியதும் ஈரக் காலில் ஒட்டிய மணலைத் தேய்த்துக் கழுவினால் தோல் எரியும். வாசற்படியில் உட்காரவைத்து, கொஞ்சம் முகப்பவுடரைக் காலில் தூவிக் காய்ந்த துணியால் தட்டினால் மணல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதன்பிறகு குளிக்கவைக்கலாம். கால்சட்டைப் பைகளைத் திருப்பிப் பார்க்காமல் மட்டும் சலவை இயந்திரத்தில் போடாதீர்கள். எங்கள் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றிய பழுதுபார்ப்பவர், சென்ற மே மாதம், ஒரு பிடிக் கிளிஞ்சலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.