மோக்காவில் கொக்கோவை எங்கே போடுவது?

மோக்கா என்றால் எஸ்பிரெசோவும் கொக்கோவும் பாலும் சேர்ந்த காபி. கடையில் காபி மெஷின் முன்னால் புதிதாக நிற்பவர்களைப் பார்க்கிறேன். நான் கற்றுக்கொண்ட காலத்துத் தவறுகளே திரும்ப நடக்கின்றன. சர்க்கரை கூடிப்போவது, கோப்பையைச் சூடாக்க மறப்பதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பால் ஜக்கில் கொக்கோவைக் கொட்டி நுரைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். ஒரு பக்கம் மெஷினில் எஸ்பிரெசோ, அதாவது அழுத்தத்தில் இறங்கும் திடமான காபி, இறங்கிக்கொண்டிருக்கும். மறுபக்கம் குளிர்ந்த பாலில் கொக்கோவையும் சர்க்கரையையும் போட்டு, ஸ்டீம் குழாயை உள்ளே விட்டு நீராவியைத் திறந்துவிடுவார்கள். சாதாரணக் கொக்கோத் தூளிலேயே 10 முதல் 12 சதவீதம் கொழுப்பு உண்டு. குளிர்ந்த பாலில் அது லேசில் நனையாது. மேலே மிதந்து, உள்ளே காய்ந்த தூளோடு கட்டி கட்டியாகத் திரளும். குடிப்பவருக்கு முதல் வாயில் வெறும் காபி, கடைசி மடக்கில் சேறு.

சுவை கெடுவதோடு நின்றாலாவது பரவாயில்லை. ஸ்டீமை மூடியதும் குழாய்க்குள் இருக்கும் நீராவி நீராகிச் சுருங்கும். அந்த இழுப்பில் ஜக்கில் இருப்பது கொஞ்சம் உள்ளே ஏறும். கொக்கோவும் சர்க்கரையும் ஏறினால் நுனித் துளைகளில் கருகிப் பிடித்துக்கொள்ளும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சனிக்கிழமை மாலை, நல்ல கூட்டம். துளைகள் அடைத்து நுரையே வரவில்லை. ஊசியால் குத்தினோம், நுனியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தோம். கடைசியில் மெக்கானிக் வந்து வால்வை மாற்ற வேண்டியதாயிற்று. அன்று இரவு பால் சேர்த்த எதையும் விற்க முடியவில்லை.

கோப்பையிலேயே 8 கிராம் கொக்கோவும் அதே அளவு சர்க்கரையும் போடுங்கள். 30 மில்லி எஸ்பிரெசோவில் ஒரு ஸ்பூன் மட்டும் விட்டுச் சந்தனம் போலக் குழையுங்கள். பளபளப்பு வந்த பிறகு மீதியை ஊற்றுங்கள். தனியே நுரைத்த பால் அதற்கு மேல். நுரைத்த கையோடு குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஸ்டீமை ஒரு நொடி திறந்து மூடுங்கள்.

"இத்தாலியில் கலக்காமலே தருகிறார்களே" என்பார்கள். காபியும் சாக்லேட்டும் பாலும் அடுக்கடுக்காக நிற்கும் துரின் நகரத்துப் பானமான பிச்செரினைச் சொல்கிறார்கள். அதில் சேர்வது ஏற்கெனவே உருக்கிக் காய்ச்சிய கெட்டிச் சாக்லேட், தூள் அல்ல.

டிரிங்கிங் சாக்லேட்டும் கொக்கோவும் ஒன்றல்ல

டிரிங்கிங் சாக்லேட் பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். பெரும்பாலும் சர்க்கரைதான் முதலில் இருக்கும்.

காம்பவுண்ட் சாக்லேட் கட்டி

நிஜச் சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில், வாய்ச் சூட்டிலேயே உருகும். காம்பவுண்டில் அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு. நாக்கில் மெழுகாகப் படியும். விலை குறைவென்று வாங்காதீர்கள்.

பால் சூடு

65 டிகிரி. அதற்கு மேல் வேண்டாம்.

எஸ்பிரெசோவுக்குப் பதில் டிகாஷனில் மோக்கா போடுபவர்களுக்கு

சிக்கரி கலக்காத காபித்தூளாக எடுங்கள். சிக்கரிக் கசப்பும் கொக்கோக் கசப்பும் சேர்ந்தால் காபி காணாமல் போகும். முதல் டிகாஷன்தான் சரி. கொக்கோவையும் பாலையும் தாங்கும் திடம் இரண்டாவதற்குக் கிடையாது.