ஹைட்ரோஸ் டிரம்மைத் திறக்கும் முன்: கெமிக்கலின் பாதுகாப்புத் தாளைத் தேடி எடுப்பது எப்படி?

சாயப்பட்டறை ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நல்ல மழை. சாயமேற்றப் பயன்படும் ஹைட்ரோஸ் பொடி இருந்த, மூடி சரியாக மூடாத டிரம்மிலிருந்து புகை கிளம்பியது. பக்கத்தில் நின்ற அண்ணன் ஒரு மக் தண்ணீரை அள்ளி ஊற்றினார். புகை இரண்டு மடங்காகி, கந்தக நெடி தொண்டையைப் பிடிக்க, எல்லோரும் வெளியே ஓடினோம். ஹைட்ரோஸில் ஈரம் பட்டால் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும், கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவது அதைக் கிளப்பிவிடும் வேலை என்று அதன் பாதுகாப்புத் தாளில் இருக்கிறது. தாள் ஆபீஸ் பீரோவுக்குள் இருந்தது.

ஒரு கெமிக்கலின் ஆபத்தையும் அதைக் கையாளும் முறையையும் சொல்லும் அந்தத் தாளைப் பழைய ஆட்கள் எம்.எஸ்.டி.எஸ். (மெட்டீரியல் சேஃப்டி டேட்டா ஷீட்) என்பார்கள், இப்போது எஸ்.டி.எஸ். அதை எப்படிக் கையில் எடுப்பது, எங்கிருந்து படிப்பது என்று சொல்கிறேன்.

படி 1: லேபிளில் உள்ள எண்ணை எழுதுங்கள்

பட்டறையில் கூப்பிடும் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ‘ஹைட்ரோஸ்’ என்பது சோடியம் ஹைட்ரோசல்பைட். அதையே சோடியம் டைதயோனைட் என்றும் எழுதுவார்கள். ‘ஹைப்போ’ என்றால் ஒருவருக்குப் பிளீச்சிங் திரவம், இன்னொருவருக்கு தயோசல்பேட். பெயர் குழப்பும், சி.ஏ.எஸ். எண் குழப்பாது. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகம் முழுக்க ஒரே எண்தான். ஹைட்ரோஸுக்கு 7775-14-6, காஸ்டிக் சோடாவுக்கு 1310-73-2, ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு 7722-84-1.

எண்ணைச் சரியாக எழுதினோமா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, மற்றவற்றை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்டுங்கள். காஸ்டிக்குக்கு: 3+14+0+4+15+6 = 42. கூட்டலின் கடைசி இலக்கமும் எண்ணின் கடைசி இலக்கமும் 2. சரி!

எண்ணோடு தயாரிப்பாளர் பெயர், பொருளின் சதவீதம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 50 சதவீதப் பெராக்சைடும் மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீதமும் வேறு வேறு ஆபத்து.

படி 2: தாளைக் கேளுங்கள்

முதலில் பர்ச்சேஸ் பிரிவில், அங்கே இல்லையென்றால் சப்ளையரிடம். பில்லோடு அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் மின்னஞ்சலில் வந்துவிடும். இது தயவு கேட்பதல்ல. 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, வேலையிடப் பாதுகாப்புத் தகவலைப் பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே சேர்த்தார்கள். அபாயகரமான இரசாயனங்களுக்கான 1989 விதிகளில் 17-வது விதி, தாளைப் பெற்று வைப்பதும் கேட்பவர் பார்க்கும்படி வைப்பதும் நிறுவனத்தை நடத்துபவரின் பொறுப்பு என்கிறது.

படி 3: நீங்களே தேடுங்கள்

தாள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து ‘சர்வதேச இரசாயனப் பாதுகாப்பு அட்டைகள்’ என்று இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. சி.ஏ.எஸ். எண்ணைப் போட்டால் சுருக்கமான அட்டை வரும். ஆரம்பநிலைக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. அமெரிக்க அரசின் பப்கெம் தளத்தில் விவரம் அதிகம். முதல் தடவை பார்த்தால் தலைசுற்றும்.

ஒன்று கவனியுங்கள். வெட்டிங் ஆயில், சாஃப்ட்னர், லெவலிங் ஏஜென்ட் போன்றவை கலவைகள். இவற்றுக்கு இணையத்தில் வேறு கம்பெனியின் தாளை எடுத்து வைப்பது, அடுத்தவர் மருந்துச் சீட்டில் மாத்திரை வாங்குவது போலத்தான். தயாரித்தவரின் தாள் மட்டுமே செல்லும்.

படி 4: முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

தாளில் 16 பகுதிகள் இருக்கும். பெரும்பாலான நாட்டுத் தாள்களில் இப்போது இதே வரிசைதான். நான் படிக்கும் வரிசை வேறு.

முதலில் 2-வது பகுதி, ஆபத்துகள். சிவப்புக் கட்டத்துக்குள் படங்கள் இருக்கும். காஸ்டிக்கில் கையை அரிக்கும் படம், ஹைட்ரோஸில் தீ, 50 சதவீதப் பெராக்சைடில் வட்டத்தின் மேல் தீ. கடைசிப் படத்தை நெருப்பென்று நினைத்துவிடுவார்கள். அது மற்றதை எரியத் தூண்டும் பொருளுக்கானது.

அடுத்து 10-வது பகுதி. எதோடு எது சேரக்கூடாது என்று இங்கேதான் இருக்கும். ஹைட்ரோஸுக்கு எதிரே அமிலமும் ஆக்சிஜனேற்றிகளும் (மற்றதை எரியத் தூண்டுபவை) என்று போட்டிருக்கும். அமிலம் பட்டால் சல்பர் டை ஆக்சைடு நச்சு வாயு வரும். பெராக்சைடு ஓர் ஆக்சிஜனேற்றி. இப்போது உங்கள் ஸ்டோருக்குப் போய், ஹைட்ரோஸ் டிரம்முக்குப் பக்கத்தில் எந்தக் கேன் இருக்கிறது என்று பாருங்கள். என் ஸ்டோரில் அசிட்டிக் ஆசிட் இருந்தது.

பிறகு 8-வது பகுதி, அணிய வேண்டிய பாதுகாப்பு. வெறுமனே ‘கையுறை அணியவும்’ என்றிருந்தால் அது சோம்பேறித் தாள். நல்ல தாள் நைட்ரைல் ரப்பரா, நியோப்ரீன் ரப்பரா என்று சொல்லும். காஸ்டிக் கரைசலைத் துணிக் கையுறையோடு தொட்டால் அது உறிஞ்சித் தோலிலேயே பிடித்து வைக்கும்.

4 முதலுதவி, 5 தீயணைப்பு, 6 கொட்டினால் செய்வது, 7 கையாள்வதும் சேமிப்பதும். இவற்றை ஆபத்து வரும் முன் படித்துவிடுங்கள். மிச்சத்தை ஓய்வாகப் படிக்கலாம். 16-ல் திருத்திய தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 5: தாளை வெளியே கொண்டுவாருங்கள்

தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். 4, 8 ஆகிய இரண்டு பகுதிகளையாவது தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, டிரம்முக்கு நேரே சுவரில் ஒட்டுங்கள். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் அவர்களில் ஒருவரையே உட்காரவைத்து ஒடியாவிலோ இந்தியிலோ எழுதச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறை போடாவிட்டால் சாயத் தண்ணீர் தெறித்து ஒரே வாரத்தில் படிக்க முடியாமல் போய்விடும்.