ப்ராக்ஸிக்குப் பாஸ்வேர்டு: படிப்பகத்து ஸ்க்விட்டில் செய்து பார்த்தது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பாம்பனில் எங்கள் படிப்பகத்தில் கூட்டம் அலைமோதும். நான்கு கணினிக்கு வாங்கிய இணைப்பில் ஊர் போன் எல்லாம் தொங்கினால் எப்படி? அதனால்தான், பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று பக்கங்களை வாங்கித் தரும் ப்ராக்ஸி மென்பொருளான ஸ்க்விட்டுக்குப் பாஸ்வேர்டு வைத்தோம்.

கடலுக்குப் போக விசைப்படகுக்கு டோக்கன் வேண்டுமல்லவா, அதே கதைதான். பிரவுசர் ஒரு பக்கம் கேட்டதும் ப்ராக்ஸி 407, அதாவது 'முதலில் பாஸ்வேர்டு கொடு', என்று திருப்பி அனுப்பும். பிரவுசர் உங்களிடம் பெயரும் பாஸ்வேர்டும் வாங்கி மறுபடி கேட்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் தானே சேர்த்து அனுப்பிவிடும். 401 வந்தால் கேட்பது இணையதளம், ப்ராக்ஸி அல்ல.

படி 1: உபுண்டுவில் ஸ்க்விட், அப்பாச்சி2-யூட்டில்ஸ் இரண்டையும் நிறுவுங்கள். இரண்டாவதில் வரும் எச்டி-பாஸ்வேர்டு (htpasswd) கருவியால் பயனர் கோப்பை உருவாக்குங்கள். புதுக் கோப்பு உருவாக்கச் சொல்லும் 'மைனஸ் சி' (-c) முதல் ஆளுக்கு மட்டும். நான் எல்லோருக்கும் போட்டேன். ஒவ்வொரு முறையும் கோப்பு புதிதாகி, கடைசியில் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார்.

படி 2: ஸ்க்விட்டின் அமைப்புக் கோப்பில் பேசிக் என்ற எளிய பாஸ்வேர்டு முறைக்கான, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் என்சிஎஸ்ஏ துணைநிரலையும் அந்தப் பயனர் கோப்பு இருக்கும் இடத்தையும் குறிப்பிடுங்கள். ப்ராக்ஸி-ஆத் வகையில் ஒரு ஏசிஎல், அதாவது பாஸ்வேர்டு உள்ளவர் யார் என்று அடையாளம் காட்டும் வரி, எழுதுங்கள்.

படி 3: இங்கேதான் பலர் வழுக்குவது. அதே கோப்பில் உள்ள அனுமதி வரிகளை ஸ்க்விட் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். 'உள்நெட்வொர்க் எல்லோரையும் விடு' என்ற வரி மேலே இருந்தால் பாஸ்வேர்டை யாரிடமும் கேட்காது. எனக்கு அரை நாள் இதிலேயே போனது. அந்த வரியை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டு உள்ளவரை விடும் வரியைப் போடுங்கள். அதற்குக் கீழே 'மற்றவர் எல்லோருக்கும் மறுப்பு'. சரி, இப்போது ஸ்க்விட்டை மறுதொடக்கம் செய்யுங்கள்.

படி 4: பிரவுசரில் ப்ராக்ஸி முகவரியையும் 3128 போர்ட்டையும் கையால் கொடுங்கள். பயனருக்குத் தெரியாமல் இடைமறிக்கும் ப்ராக்ஸியில் இந்த முறை நடக்காது. ப்ராக்ஸி இருப்பதே தெரியாத பிரவுசர் அதற்குப் பாஸ்வேர்டு தராது.

ஒரு எச்சரிக்கை. பேசிக் முறையில் பாஸ்வேர்டு பூட்டப்படுவதில்லை, பேஸ்64 எழுத்துகளாக மாறுகிறது, அவ்வளவே. வலையில் ஒட்டுக்கேட்பவர் நொடியில் பிரித்துவிடுவார். எச்டிடிபிஎஸ் தளம் பார்த்தாலும் பிரவுசருக்கும் ப்ராக்ஸிக்கும் நடுவில் இதே நிலைதான். வங்கிப் பாஸ்வேர்டை இங்கே வைக்காதீர்கள்.

அப்புறம், ஸ்க்விட்டின் பதிவேட்டில் சரியான ஆளுக்கும் முதலில் ஒரு 407 விழும். பதறாதீர்கள், அடுத்த வரியில் அவர் பெயரோடு 200, அதாவது 'சரி', வந்திருக்கும்.