சம்பள நோட்டீஸில் உள்ள கணக்கை வாசிப்பது எப்படி?

சம்பளப் பேச்சு வந்தாலே தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு கணக்கு ஓடும். கம்பனி ஒன்று சொல்லும், சங்கம் இன்னொன்று சொல்லும். பெரும்பாலும் இரண்டுமே பச்சைப் பொய்யாக இருக்காது. உண்மையான எண்களில் தங்களுக்குத் தோதானதை மட்டும் எடுத்து நீட்டுவார்கள். அதைப் பிடிக்க ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: எதிலிருந்து எதற்கு என்று எழுதுங்கள்

இலங்கைத் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2019 கூட்டு ஒப்பந்தத்தையே எடுப்போம். "40 வீத உயர்வு" என்றார்கள். 2016 ஒப்பந்தப்படி அடிப்படை நாட்சம்பளம் 500, வருகைக்கு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140, விலைப் பங்கு 30. மொத்தம் 730 ரூபா. 2019இல் அடிப்படை 700, விலைப் பங்கு 50. மற்ற இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மொத்தம் 750.

500 என்பது 700 ஆனால் 40 வீதம்தான், சரி. ஆனால் முன்பு எல்லாக் கொடுப்பனவும் வாங்கியவருக்கு நாளுக்குக் கூடியது 20 ரூபா; மூன்று வீதம்கூட வராது.

இங்கேயே நின்றுவிடாதீர்கள். "வெறும் 20 ரூபாதான்" என்பதும் ஒரு பக்கக் கணக்கே. வருகைக் காசும் ஊக்குவிப்பும் கிடைக்காதவர் 530இலிருந்து 750க்கு வந்தார். அடிப்படை கூடினால் ஈ.பி.எப்.பும் (ஊழியர் சேமலாப நிதி) கூடும். ஆகவே வீதத்தைக் கேட்டதும், எந்தத் தொகையில், யாருக்கு என்று பக்கத்தில் எழுதுங்கள்.

படி 2: படத்தின் அடிக்கோட்டைப் பாருங்கள்

அதே 730, 750 இரண்டையும் தூண்களாக வரையுங்கள். அடிக்கோடு 0 என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். அடிக்கோட்டை 720இல் வைத்தால் ஒன்று 10, மற்றது 30. புதிய சம்பளம் மூன்று மடங்கு உயர்ந்ததுபோலத் தெரியும்.

படி 3: "வரை", "பெறலாம்" என்ற சொற்களுக்குக் கீழே கோடிடுங்கள்

2024 செப்டெம்பர் வர்த்தமானியில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350. ஊக்குவிப்பு 350ஐயும் சேர்த்து 1700 என்ற பேச்சும் கூடவே ஓடியது. "1700 வரை பெறலாம்" என்று வாசித்தால் உறுதியான காசு எது, நிபந்தனையோடு வருவது எது என்று பிரியுங்கள். எத்தனை கிலோ கூடுதலாக எடுத்தால் அந்த 350 என்று கேளுங்கள்.

படி 4: சராசரியை உடைத்துப் பாருங்கள்

ஒரு உதாரணம். ஐந்து பேர் கொழுந்தெடுக்கிறார்கள்: 14, 15, 15, 16, 40 கிலோ. சராசரி 20. நோம், அதாவது ஒரு நாளில் எடுக்க வேண்டிய அளவு, 18 கிலோ என்று வையுங்கள். "சராசரியாக நோமைத் தாண்டிவிட்டார்கள்" என்று தோட்டத்துரை சொன்னால் அதில் பொய் இல்லை. ஆனால் நான்கு பேருக்கு அன்று அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழும். கூட்டத்தில் யாராவது சராசரி சொன்னால், "நோம் எட்டாதவங்க எத்தனை பேருங்க?" என்று எழுந்து கேளுங்கள். செக்ரோல் பதிவேட்டில் ஆளுக்கு ஆள் கிலோ இருக்கும். எண்ணிச் சொல்ல அதிக நேரம் எடுக்காது.